கூரை நம்முடையது, மின்சாரம் யாருடையது?

(வாசகசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், உதவிபெறும் பள்ளிகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாகிகள் கூட்டமொன்றில், மின்வாரியத்தில் லைன்மேனாக வேலைபார்த்து ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மேடையில் நின்று பழக்கமில்லாதவன் நான். கம்பத்தின்மேல் நின்றுதான் பழக்கம். (சிரிப்பு.) ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? வாசகசாலைக் காரியதரிசிகள், பால் சங்கத்து நிர்வாகிகள், முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறவர்கள், சங்கக் கட்டிடத்தைக் கட்டிக் காக்கிறவர்கள். உங்களில் லாபம் பார்க்கிறவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் உங்கள் எல்லோர் வீட்டுக் கதவையும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரே விருந்தாளி தட்டுகிறான். மின்கட்டணத்தைச் சொல்கிறேன். புத்தகம் வாங்க வைத்த பணம் அதற்குப் போகிறது. விடுதியில் வாரம் ஒரு நாள் முட்டை போட வைத்த பணம் அதற்குப் போகிறது. கமிட்டிக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது எல்லோரும் அந்த ஒரு வரியில்தான் பெருமூச்சு விடுகிறார்கள்.

அதே கட்டிடத்தின் மொட்டை மாடியில் வருஷத்தில் முந்நூறு நாள் வெயில் சும்மா காய்ந்துகொண்டிருக்கிறது. இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் செல்லை 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலை உலகத்துக்குக் காட்டியது. விழுந்த ஒளியில் 6 சதவீதம் மின்சாரமாயிற்று. நாலு வருஷத்துக்குள், 1958-ல், அமெரிக்காவின் வான்கார்ட்-1, சோவியத் நாட்டின் ஸ்புட்னிக்-3 இரண்டும் இந்தச் செல்களைச் சுமந்துகொண்டு வானத்தில் சுற்றின. அன்று அது ஆகாயத்துக்கு மட்டுமே கட்டுபடியான பொருள். 1970-களின் மத்தியில்கூட ஒரு வாட்டுக்குப் பல பத்து டாலர் விலை. இன்று கால் டாலருக்கும் கீழே. அன்றைக்கு 6 சதவீதம் என்றால், இன்று கடையில் வாங்கும் சாதாரண பேனலே 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. உலகத்தில் இவ்வளவு விலை இறங்கிய இயந்திரம் அபூர்வம்.

கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அது சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். வீடுகளுக்கான திட்டத்தில் மத்திய சர்க்கார் 2024-ல் போட்ட மதிப்பு, முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட் 50,000 ரூபாய். இதையே வைத்துக்கொண்டால் 5 கிலோவாட்டுக்கு இரண்டரை லட்சம். வருஷத்துக்குச் சுமார் 7,000 யூனிட். உங்கள் நிறுவனம் யூனிட்டுக்கு 7 ரூபாய் கட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 49,000 ரூபாய் மிச்சம். ஐந்து வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. பேனலின் ஆயுளோ இருபத்தைந்து வருஷம்!

அப்படியானால் எல்லா வாசகசாலைக் கூரையிலும் ஏன் பேனல் இல்லை? விலை தடுக்கவில்லை. இந்த விலை இறக்கத்தோடு சேர்ந்து வருகிற உதவி எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள்; விடை அங்கே இருக்கிறது.

முதல் வாசல் வருமான வரி. சோலார் சாதனம் வாங்கும் கம்பெனி, அதன் விலையில் பெரும் பங்கைத் தேய்மானம் என்று எழுதி வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2017 மார்ச் வரை முதல் வருஷமே 80 சதவீதம் கழிக்கலாம் என்றிருந்தது. அதன் பிறகு 40 சதவீதம். பத்து லட்சத்துக்கு வாங்கியவன் நாலு லட்சத்தைக் கழிக்கிறான். நூற்றுக்கு 25 வரி கட்டுகிறவனானால் ஒரே வருஷத்தில் ஒரு லட்சம் கையில் நிற்கிறது. சரி, முதியோர் இல்லத்துக்கு? அது வரியே கட்டுவதில்லை. கழிக்க வருமானமும் இல்லை, வரியும் இல்லை. ஆகவே சலுகையும் இல்லை! லாபம் சம்பாதிக்கிறவன் வாங்கினால் பேனலின் விலை குறைகிறது. தர்மத்துக்கு நடத்துகிறவன் வாங்கினால் முழு விலை. ஒரே பேனல், ஒரே வெயில்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள கோணல் அல்ல. அமெரிக்காவிலும் சோலாருக்கான உதவி வரிக் கழிவாகவே வந்ததால் பள்ளிக்கூடம், தேவாலயம், இலவச வைத்தியசாலை எல்லாம் பல வருஷம் வாசலுக்கு வெளியே நின்றன. 2022-ல் வந்த சட்டம்தான், வரி கட்டாத நிறுவனங்களுக்கு அந்தத் தொகையை நேரடியாகப் பணமாகக் கொடுக்க வழி செய்தது. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் அதற்குக் குறுகிய காலக்கெடு போட்டுவிட்டது. கதவு திறந்தது மூன்று வருஷம். அதற்குள் மூடத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது வாசல் மானியம். நம் நாட்டுக் கூரை சோலார் திட்டத்தின் முதல் கட்டத்தில், டிரஸ்டுகளும் சங்கங்களும் நடத்தும் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள் போன்றவற்றுக்கும் 30 சதவீதம் வரை மத்திய உதவி உண்டு. 2019-ல் இரண்டாவது கட்டம் வந்தபோது அது வீடுகளோடு நின்றுவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த 'பிரதமர் சூர்ய கர்' திட்டமும் வீடுகளுக்கானதே. மூன்று கிலோவாட் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய். வீட்டுக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை, தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் ஐம்பது பிள்ளைகள் படுத்துறங்கும் விடுதி ஒரு வீடு இல்லையா? நூறு பேர் வந்து படிக்கும் வாசகசாலைக்கு ஏன் சைபர்? இதைக் கேட்டு ஒவ்வொரு நிறுவனமும் தீர்மானம் போட்டு அனுப்பவேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று பின்வரிசையில் ஒரு தோழர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஒன்று சொல்கிறேன். 2020 டிசம்பர் கடைசி நாளன்று மத்திய சர்க்கார் வெளியிட்ட மின் நுகர்வோர் விதிகளில், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு நெட் மீட்டர் கிடையாது என்று எழுதினார்கள். நாலா பக்கமிருந்தும் ஆட்சேபணை போயிற்று. ஆறே மாதத்தில், 2021 ஜூனில், 500 கிலோவாட் வரை என்று திருத்தினார்கள். எழுதிய பேனா திருத்தவும் செய்யும்.

நெட் மீட்டர் என்றால் என்ன? பகலில் உங்கள் பேனல் கொடுத்த யூனிட்டை நீங்கள் வாரியத்திடம் வாங்கிய யூனிட்டிலிருந்து ஒன்றுக்கு ஒன்றாகக் கழிப்பது. மற்ற முறைகளில், நீங்கள் கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை, வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை. பள்ளிக்கூடக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் உச்சம், பள்ளிக்கோ விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. அந்த நாட்களின் மின்சாரம் முழுவதும் வாரியத்துக்குப் போகும். அதற்கு என்ன விலை என்பதில்தான் உங்கள் ஐந்து வருஷக் கணக்கு ஏழாகுமா எட்டாகுமா என்பது இருக்கிறது. உங்கள் இணைப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது, அந்தப் பிரிவுக்கு ராஜ்யத்தின் ஒழுங்குமுறை ஆணையம் எந்த முறையை அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொண்டு பிறகு பேனல் வியாபாரியிடம் பேசுங்கள். முதலில் வியாபாரியிடம் போனால் எல்லாம் ஐந்து வருஷம்தான்!

இனி மூன்றாவது வாசல். இதுதான் மிக அகலமாகத் திறந்திருக்கிறது. கம்பெனிக்காரர் வருகிறார். 'ஒரு பைசா முதல் போடவேண்டாம். பேனல் எங்களுடையது. கூரை மட்டும் கொடுங்கள். 25 வருஷத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்' என்கிறார். ஆபீசர்களுக்கும் இது பிடிக்கிறது. பட்ஜெட்டில் பணம் தேட வேண்டாமல்லவா? அரசுக் கட்டிடங்கள் பலவற்றில் இம்முறைதான்.

இதை ஒரேயடியாகத் தள்ளச் சொல்லவில்லை. கையில் பணமே இல்லாத ஆஸ்பத்திரிக்கு இதுவும் ஒரு வழிதான். ஆனால் காகிதத்தைப் படியுங்கள். முதல் வருஷம் யூனிட் நாலரை ரூபாய், வருஷத்துக்கு 3 சதவீதம் ஏற்றம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். மூன்றுதானே என்று கையெழுத்துப் போடுவோம். இருபத்தைந்தாம் வருஷம் அது 9 ரூபாயைத் தாண்டுகிறது! சூரியன் விலை ஏற்றவில்லை. பேனலும் அதே பேனல். யார் ஏற்றியது? இன்னொன்று: நீங்கள் விடுமுறை விட்டு மின்சாரம் பயன்படுத்தாவிட்டாலும் பயன்படுத்தியதாகக் கொண்டு பணம் கட்டவேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் ஷரத்து இருக்கும். கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? கட்டிடத்தை இடித்துக் கட்டவேண்டி வந்தால்? பத்தாம் வருஷம் நாமே வாங்கிக்கொள்ள விரும்பினால் என்ன விலை? இந்த நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாத காகிதத்தில் காரியதரிசி பேனாவை வைக்கக்கூடாது. கையெழுத்துப் போடுகிற கமிட்டி மூன்று வருஷத்தில் மாறிவிடும்; ஒப்பந்தம் மாறாது.

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு மாணவர் விடுதி. தர்மவான்கள் சிலர் பேனலும் பாட்டரியும் வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழா, மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. நாலாவது வருஷம் நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மாடி ஏறிப் பார்த்தால் பேனலின்மேல் மோர் மிளகாய் காய்கிறது. சமையல்கார அம்மாவைக் கேட்டேன். 'நல்லாச் சூடு ஏறுதுங்க ஐயா, ரெண்டு நாள்ல காஞ்சிடுது' என்றார். (சிரிப்பு.) சிரிக்காதீர்கள். பேனல் நன்றாகத்தான் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். செத்தது பாட்டரி. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஆளில்லை. வேறு பாட்டரி வாங்கப் பணமில்லை. ஈய அமில பாட்டரி நாலைந்து வருஷத்தில் மாற்றவேண்டியது. தானம் கொடுத்தவர்கள் பேனலுக்குக் கொடுத்தார்கள்; பாட்டரியை மாற்ற யாரும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பரீட்சைக்கு மெழுகுவர்த்தி வைத்துப் படித்தார்கள், தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பேனல் இருக்கும்போது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சத்தீஸ்கர். காட்டுப்பகுதிகள் நிறைந்த ராஜ்யம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மின்சாரம் இருக்கும், இல்லாமலும் போகும். இரவில் பிரசவ வலியோடு வருகிற தாய்க்கு டார்ச் வெளிச்சம். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்கவேண்டும். பெட்டி சூடேறினால் மருந்து வெறும் தண்ணீர். அந்த ராஜ்ய சர்க்காரின் எரிசக்தி நிறுவனமான 'கிரெடா' ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்களில் சோலார் சாதனங்களை அமைத்தது. தில்லியிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் அங்கே போய்ப் பார்த்து 2017-ல் ரிப்போர்ட் வெளியிட்டது. சோலார் உள்ள நிலையங்களில், இல்லாதவற்றைவிட மாதாந்திரப் பிரசவங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புற நோயாளிகள் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பேனல்தான் பிரசவம் பார்த்தது என்று நான் சொல்லமாட்டேன். நர்ஸ் அம்மாள் பார்த்தார். ஆனால் அவருக்கு வெளிச்சம் இருந்தது; வெளிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில் தாயும் வந்தாள்.

அங்கே நான் மெச்சுவது பேனலைக்கூட அல்ல. மாட்டிவிட்டுப் போகாமல், பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒரு பொது நிறுவனத்தின் பொறுப்பில் வைத்தார்கள். எங்கள் விடுதியில் இல்லாமல் போனது இது ஒன்றுதான். கியூபாவில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1991-ல் சோவியத் நாடு உடைந்து எண்ணெய் வரத்து அறுந்துபோன கஷ்டகாலத்திலிருந்து தலைதூக்கிக்கொண்டிருந்தபோதே, கம்பி போகாத மலைக்கிராமங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளுக்கு சோலார் வைத்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கும் வைத்தார்கள். அங்கே இன்றுள்ள மின்தட்டுப்பாடு வேறு கதை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கட்டிடத்துக்கு முதலில் விளக்கு என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் பள்ளிக்கூடம்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: 'பேனல் போட்டால் கரண்ட் கட் ஆகும்போது விளக்கு எரியுமா?' நல்ல கேள்வி. பாட்டரி இல்லாமல் லைனோடு இணைக்கிற முறையில் எரியாது. நல்ல வெயில் அடித்தாலும் லைன் போனால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். ஏமாற்றிவிட்டான் என்று வியாபாரியைத் திட்டாதீர்கள். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவன் கம்பத்தில் ஏறியிருப்பான். உங்கள் பேனல் அந்தக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பினால் அவன் கருகிவிடுவான். 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் கம்பம் நட்டவன் நான். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்தத் தானியங்கி நிறுத்தம் வேலை செய்கிறதா என்று இணைக்கும்போதே சோதித்து வாங்குங்கள்.

ஆகவே முதலில் முடிவு செய்யவேண்டியது: உங்களுக்கு வேண்டியது கட்டணக் குறைப்பா, நிற்காத வெளிச்சமா? வாசகசாலைக்கும் சங்க ஆபீசுக்கும் பகலில்தான் வேலை. பாட்டரி வேண்டாம், பணம் மிச்சம். சுகாதார நிலையத்துக்கு பாட்டரி அவசியம். அதை மாற்றும் செலவை முதல் நாளிலிருந்தே கணக்கில் வையுங்கள். விடுதிக்கு நாலு விளக்கு, நாலு விசிறிக்கு மட்டும் சின்ன பாட்டரி போதும். முழுக் கட்டிடத்துக்கும் வைப்பது வீண்.

பேனலுக்கு முன்னால் விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கிறது. இப்போது வருகிற பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. பத்து விசிறி, எட்டு மணி நேரம் என்றால் 6 யூனிட்டுக்குப் பதில் 2.4 யூனிட். மிச்சம் 3.6. அதாவது பத்து விசிறியை மாற்றினால் கூரையில் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் பேனல் போட்டதற்குச் சமம், அதைவிடக் குறைந்த செலவில். வியாபாரி இதைச் சொல்லமாட்டார். அவர் விசிறி விற்கவில்லை.

பணத்துக்கு வருகிறேன். பொது நிறுவனம் சொந்தமாக மின்சாரம் வைத்திருக்க முடியாது என்பவர்களுக்கு கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியைக் காட்டுங்கள். 2006-ல் அந்த ஊராட்சி 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. நாற்பது லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதி பாங்கிக் கடன். தன் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. அது காற்று, நாம் பேசுவது வெயில். ஆனால் பாடம் ஒன்றே: சொந்தக்காரன் ஊராட்சி.

நம் இரண்டரை லட்சத்துக்கு இவ்வளவு பெரிய கடன் வேண்டாம். நூறு அங்கத்தினர் ஆளுக்கு 2,500 ரூபாய் கடனாகக் கொடுத்தால் போதும். கட்டணத்தில் மிச்சமாவதிலிருந்து திருப்பிக் கொடுக்கலாம். சங்க விதி இடம் கொடுக்கிறதா என்று தணிக்கையாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நல்ல காரியத்தில் சட்டச் சிக்கல் வரக்கூடாது. மிச்சம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கைத் தனிக்கணக்கில் போடுங்கள். பத்து வருஷத்தில் இன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வரும். அன்று நன்கொடைப் புத்தகம் தூக்கிக்கொண்டு அலையவேண்டாம்.

ஒரு தாலுகாவில் இருபது நிறுவனங்கள் சேர்ந்தால் நிலைமையே வேறு. தனியாகப் போகிற வாசகசாலைக்கு வியாபாரி சொன்னதே விலை. நூறு கிலோவாட்டுக்கு ஒரே டெண்டர் என்றால் அவர்கள் நம்மைத் தேடி வருவார்கள். ஒரே மாதிரிச் சாதனம், பராமரிக்க ஐ.டி.ஐ. படித்த ஒரு பையன் அல்லது பெண்ணுக்குச் சம்பளத்தோடு வேலை. அவர் மாதம் ஒரு முறை வந்து மீட்டர் பார்ப்பார், இணைப்பைச் சோதிப்பார். தூசி துடைக்க அவர் வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும். ஒரு பேனலின்மேல் தென்னை ஓலை நிழல் விழுந்தாலே வரிசை முழுவதும் மந்தமாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாடித் தட்டோட்டில் துளை போட்டு போல்ட் அடிக்க விடாதீர்கள். முதல் மழையிலேயே ஒழுகும். கான்கிரீட் கட்டை போட்டு நிறுத்துங்கள். எவ்வளவு காற்றுக்குத் தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். புயல் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

நேரம் ஆகிவிட்டது, பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிறீர்கள். மின் அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் மேடைக்குப் பக்கத்திலுள்ள மேஜைக்கு வாருங்கள். ஆறு கட்டணக் கணக்கை வரிசையாக எழுதி, உங்கள் கட்டிடத்துக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று இன்றே போட்டுவிடலாம். வராதவர்களின் அட்டையை அடுத்த வாரம் நானே வந்து பார்க்கிறேன். மாடிப்படி மட்டும் உறுதியாக இருக்கட்டும், எனக்கு வயதாகிவிட்டது.